தனியாக ஆடுகிறவருக்கு எதற்குத் தடை?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் கைப்பேசியும் கையுமாகத் திரியும் பையன்களிடம் 'பஸ்ஸிட்' என்றால் விளக்கம் தேவைப்படாது. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பேருந்து ஓட்டும் விளையாட்டு அது. முழுப்பெயர் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. சாலையும் ஊர்களும் அந்த நாட்டினுடையவை. ஓடும் வண்டி மட்டும் நம் அரசுப் பேருந்து. பேருந்தின் உடம்பைப் பிரித்து விரித்துப் போட்டதுபோல ஒரு படம் இருக்கும். அதைக் கைப்பேசியிலேயே திறந்து நிறம் அடித்து, 'காஞ்சிபுரம் – உத்திரமேரூர், வழி: மாகறல்' என்று பலகை எழுதி, 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்பதையும் மறக்காமல் சேர்த்து உள்ளே ஏற்றிவிட்டால், ஜாவாத் தீவில் நம் ஊர் பஸ் ஓடும். இதற்கு 'ஸ்கின்' என்று பெயர். வண்டியின் உடலையே கணினியில் புதிதாகக் கட்டி ஏற்றினால் அது 'மோட்'. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத முப்பரிமாண வரைகலையை ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் தடவித் தடவிக் கற்கிறார்கள். அதற்கு வாசலைத் திறந்துவைத்தது அந்த நிறுவனமேதான்.

இதே வேலையை வேறு சில நிறுவனங்களின் விளையாட்டில் செய்தால், 'ஐடி பேன் ஆயிடுச்சு' என்று தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். ஒருவர் தன் வீட்டில், தனியாக, கணினியை மட்டும் எதிராளியாக வைத்து ஆடும் விளையாட்டில் மாற்றம் செய்தார் என்பதற்காக அவரைத் தடை செய்யும் அதிகாரம் எந்த நிறுவனத்துக்கும் இருக்கக் கூடாது என்பது நம் நிலை. பலர் சேர்ந்து இணையத்தில் மோதும் ஆட்டம் வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் காட்டிக்கொடுக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு சுடுகிறவனை வெளியே தள்ளத்தான் வேண்டும். பப்ஜி ஆடி வெறுத்துப்போன எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள். எதிரே இன்னொரு மனிதரே இல்லாத இடத்தில் ஏமாந்தவர் யார்?

2010-இல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' விளையாட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. கணினியோடு மட்டும் மோதும்போது குறுக்குவழி மென்பொருள் பயன்படுத்தியவர்களின் கணக்குகளையும் பிளிஸார்ட் நிறுவனம் முடக்கியது. தனியாக ஆடிப் பெறும் பதக்கங்களும் இணையக் கணக்கில் தெரிகின்றனவே என்பது அது சொன்ன காரணம். பதக்கத்தைப் பறித்திருந்தால் போதுமே. கணக்கையே பூட்டுவானேன்?

இன்னும் பெரிய கதை 'ஜிடிஏ 5' விளையாட்டினுடையது. அதன் முந்தைய பாகத்தின் காலத்திலிருந்தே, கோப்புகளைத் திறந்து மாற்ற உதவியது 'ஓப்பன் ஐவி' என்ற இலவசக் கருவி. 2017 ஜூனில் டேக்-டூ நிறுவனம் அதை உருவாக்கியவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நீதிமன்றத்தில் மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் அவர்கள் கடையை மூடினார்கள். கொதித்துப்போன ஆட்டக்காரர்கள் ஸ்டீம் விற்பனைத் தளத்தில் அந்த விளையாட்டைத் திட்டி விமர்சனங்களைக் கொட்டினார்கள். அதே மாதத்திலேயே நிறுவனம் இறங்கிவந்தது. தனியாக ஆடுவதற்கான, காசு பார்க்காத மாற்றங்கள் மீது 'பொதுவாக' நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று, டேக்-டூவின் கீழ் அந்த விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அறிவித்தது. கருவியும் திரும்பி வந்தது. ஆனால் அந்த அறிவிப்பிலேயே, இது உரிமம் ஆகாது, எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபிப்போம் என்ற வாசகமும் இருந்தது. ஆக, கிடைத்தது சலுகை. சலுகையை மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். (2015-இல், அதே விளையாட்டுக்கு மோட் செய்த எந்த 'ஃபைவ்எம்' குழுவினரின் கணக்குகளை ராக்ஸ்டார் தடை செய்ததோ, அதே குழுவை 2023 ஆகஸ்டில் விலை கொடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குற்றவாளிகள் எட்டே ஆண்டில் கூட்டாளிகள்!)

மோட்களால் விளையாட்டின் பெயர் கெடும் என்கிறார்கள் நிறுவனத்தார். ஆட்டம் பழுதானால் பழி தங்கள் மீது விழும் என்கிறார்கள். கண்ட இடத்தில் இறக்கும் மோட்களோடு வைரஸ் வருவது உண்மைதான். அதற்கு எச்சரிக்கை போடலாம். மாற்றப்பட்ட பிரதிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவலாம். தடை எதற்கு?

பதில் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. 2018-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு. அதில் அனுபவப் புள்ளிகள் வேகமாக ஏறுவதற்கென்று தனிக் காசுக்கு ஒரு வசதி விற்றார்கள். அடுத்த ஆண்டு, ஆட்டக்காரர்களே கதை எழுதிச் சேர்க்கும் கருவியை நிறுவனமே கொடுத்தது. ஆட்டக்காரர்கள் அதை வைத்துப் புள்ளிகளை அள்ளித் தரும் கதைகளைச் செய்து பகிர்ந்தார்கள். உடனே அவற்றை மறைத்ததோடு, செய்தவர்கள் மீது நடவடிக்கை பாயும் என்றும் நிறுவனம் மிரட்டியது. கடையில் விற்கும் சரக்கைப் பக்கத்து வீட்டுக்காரர் இலவசமாகக் கொடுத்துவிட்டார் என்பதுதான் அங்கே நடந்த குற்றம்.

இத்தனைக்கும் இந்தத் தொழில் மோட் போட்டவர்களின் தோளில் ஏறித்தான் வளர்ந்தது. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' 1999-இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மோடாகப் பிறந்தது. பப்ஜியின் மூலவரான பிரெண்டன் கிரீன் முதலில் செய்ததும் 'ஆர்மா 2' விளையாட்டுக்கான ஒரு மோட். அன்று அவர்கள் கணக்கைப் பூட்டியிருந்தால், நம் ஊர் மரத்தடிகளில் இரவு பகலாக 'டேய், பின்னாடி வரான்டா' என்ற சத்தமே கேட்டிருக்காது. பெற்றோர் சிலர் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

புதிதாக வரும் பெரிய விளையாட்டு ஒன்றின் விலை இன்று 5,000 ரூபாயைத் தொடுகிறது. 2025-26-க்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதாவது பதினைந்து நாள் வெயில். அந்தக் காசைக் கொடுத்தபின் பொருள் யாருடையது? டிராக்டர் வாங்கிய விவசாயி மேலே கூடாரம் போடுகிறார், இருக்கையை மாற்றுகிறார், பாட்டுப்பெட்டி மாட்டுகிறார், முன்னால் மகள் பெயரை எழுதுகிறார். உத்தரவாதம் போகும் என்று கம்பெனி சொல்லலாம். வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. விளையாட்டு நிறுவனங்கள் பிடுங்குவது சாவிக்கொத்தையே. ஒரு விளையாட்டில் செய்த மாற்றத்துக்காகக் கணக்கு மொத்தமாக முடங்கினால், அதில் வாங்கிச் சேர்த்த மற்ற விளையாட்டுகளும் சேர்ந்து போகின்றன. இதில் கொடுமை, திருட்டுப் பிரதி வைத்திருப்பவனுக்கு எந்தக் கவலையும் இல்லை. அவன் இஷ்டத்துக்கு மோட் போடுகிறான். மாட்டிக்கொள்வது நியாயமாகக் காசு கொடுத்தவர்தான்.

'நீங்கள் வாங்கியது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே' என்பார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் அதை வாங்குமுன்பே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டுச் சட்டம் ஒரு விதத்தில் அதையும் தாண்டி நிற்கிறது. அதைத்தான் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில், 1999-இல் சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவு இருக்கிறது. முறையாகப் பெற்ற கணினி நிரலை, வணிக நோக்கமின்றிச் சொந்தப் பயன்பாட்டுக்காகப் படியெடுப்பதோ தழுவி மாற்றுவதோ பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது. வீட்டில் தனியாக ஆடுவதற்கு ஒருவர் மோட் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எழுத முடியுமா? நாடாளுமன்றம் ஒரு கையால் கொடுத்ததை, யாரும் படிக்காத நாற்பது பக்க ஒப்பந்தத்தில் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தவைத்து நிறுவனம் மறு கையால் பறித்துக்கொள்கிறது.

அதற்கும் மருந்து ஏட்டில் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்று வரையறுக்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழிசெய்வதும், ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டனை விதிப்பதும் அதில் அடங்கும். ஆனால் அந்த மருந்து நமக்கு எட்டாத பரணில் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கிடையாது. மாநில ஆணையத்துக்கும் அதற்கு மேலே தேசிய ஆணையத்துக்கும்தான். 5,000 ரூபாய் விளையாட்டுக்காக உத்திரமேரூர்க்காரர் சென்னையில் வழக்கு நடத்துவாரா? கேட்கவே சிரிப்பு வருகிறது.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. ஊர்ச்சபைக்கு ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஆளெடுத்த முறையை, மேடைதோறும் குடவோலை என்று முழங்கி அரசியல்வாதிகள் அதைத் தேய்த்துவிட்டார்கள். அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததும் இல்லை. நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்கே ஓலை எழுதினார்கள். ஆனாலும் 919-இலும் 921-இலும் முதலாம் பராந்தகன் ஆட்சியில் வெட்டிய அந்த எழுத்துகளில் தகுதியைவிடத் தகுதியின்மைப் பட்டியல்தான் கவனிக்கத்தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய இன்னின்ன உறவினர், இன்னின்ன குற்றம் செய்தவர் என்று ஒவ்வொரு காரணத்தையும் சுவரில் வெட்டிவைத்தார்கள். விலக்கப்பட்டவர் போய்ப் படித்துப் பார்க்கலாம். இன்றைய நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் 'விதிமீறல்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. எந்த விதி, எந்த நாளில், என்ன ஆதாரம் என்று கேட்டால் இயந்திரம் அதே பதிலைத் திருப்பி அனுப்புகிறது.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் கைப்பேசிக்கும் வேளாண் கருவிகளுக்கும் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. மென்பொருளையும் விளையாட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியாக ஆடும் பகுதியில் செய்த மாற்றத்துக்காகக் கணக்கை முடக்கும் விதியை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இணையப் போட்டியில் யாராவது ஏமாற்றினால் அந்தப் போட்டிக்கான வாசலை மட்டும் மூடட்டும். அதற்கும் காரணம் சொல்லட்டும், மேல்முறையீட்டை ஒரு மனிதர் படித்துப் பார்க்கட்டும். இத்தகைய சிறு தொகைப் புகார்களைக் காஞ்சிபுரத்திலேயே விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். ரம்மியைத் தடுக்கச் சட்டம் மேல் சட்டம் போட்ட தமிழக அரசு, விளையாடுகிறவரும் ஒரு நுகர்வோரே என்பதைத் தில்லிக்கு எழுதிச் சொல்லலாம்.

அதுவரை, கணக்கு முடங்கியவர்கள் வாங்கிய ரசீதையும் தடை பற்றி வந்த மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.