பிள்ளைகள் படத்துக்குச் சாவி யாரிடம்?

போன வாரம் மகளோட பிறந்தநாள் படங்களைப் பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ராத்திரியே போன். "ஒண்ணுமே திறக்க மாட்டேங்குதுடா!" பார்த்தால் எல்லாமே ஹெச்இஐசி கோப்புகள். படம் கெட்டுப்போகவில்லை, அம்மாவோட பழைய லாப்டாப்பில் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் இல்லை? 2017-ல் ஐபோன்களுக்கு வந்த வடிவம் இது. ஜேபெக்கைவிட ஏறக்குறைய பாதி இடம் போதும். ஆனால் உள்ளே படத்தைச் சுருக்கும் ஹெச்இவிசி நுட்பத்துக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருக்கின்றன. அதைத் தங்கள் தயாரிப்பில் சேர்ப்பவர்கள் உரிமக் கட்டணம் கட்டணும். அதனால்தான் எல்லாக் கணினியிலும் அது தானாக வருவதில்லை.

இது புதுக்கதை இல்லை. ஜிஃப் கோப்பின் சுருக்க நுட்பத்துக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 கடைசியில் கட்டணப் பேச்சு வந்ததும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி பிஎன்ஜி உருவானது. 2003-ல் அமெரிக்காவில் அந்தக் காப்புரிமையே காலாவதியாகிவிட்டது.

ஆக, காப்புரிமை என்ற பூட்டு ஒருநாள் தானாகத் திறந்துவிடும். எனக்குக் கவலை இன்னொரு பூட்டைப் பற்றித்தான்: ரகசியம். பெரிய கேமரா வைத்திருக்கிறீர்களா? கேனனின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ போன்ற ரா கோப்புகளின் முழு விவரத்தை நிறுவனங்கள் பொதுவில் வைப்பதில்லை. மற்றவர்கள் கோப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துத்தான் மென்பொருள் எழுதுகிறார்கள். ரகசியத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. அடோபி 2004-ல் கொண்டுவந்த டிஎன்ஜி அப்படியில்லை. அதன் விவரக்குறிப்பு யாருக்கும் கிடைக்கும். அடோபியின் காப்புரிமைகளுக்குக் கட்டணமும் இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்வு செய்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காக வரும். இடம் கூடுதலாகப் பிடிக்கும். ஏற்கெனவே இருப்பதை அழிக்காதீர்கள். பிள்ளைகளின் முக்கியமான படங்களுக்கு மட்டும் ஜேபெக் நகல் எடுத்து வையுங்கள். ரா கோப்பு என்றால் ஒரு டிஎன்ஜி நகல்.

ஞாயிற்றுக்கிழமை நானும் நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். "இப்ப எல்லாம் திறக்குது," என்றார். "ஆனா ஒரு படத்துலகூட நீ இல்லையேடா?"

அதற்கு எந்த வடிவத்திலும் தீர்வு இல்லை. அடுத்த பிறந்தநாளில் கேமராவை வேறு யார் கையிலாவது கொடுக்கணும்.