தனிநபர் தீர்க்கதரிசனங்களை நம்பலாமா? சபையாருக்கும் ஊழியர்களுக்கும் எங்கள் நிலைப்பாடு

"இந்த வருஷம் முடியுமுன் உன் மகளுக்குக் கல்யாணம்", "உனக்கு வெளிநாட்டுக் கதவு திறக்கிறது", "மூன்று மாதத்தில் கடன் தீரும்" என்று ஆண்டவர் பெயரால் தனி ஆட்களுக்குச் சொல்லப்படும் வார்த்தைகள் உபவாசக் கூட்டங்களிலும் யூடியூப் நேரலைகளிலும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் பெருகிவிட்டன. கேட்டவர்கள் போதகரிடம் வந்து, "ஐயா, இதை நம்பலாமா?" என்கிறார்கள். சபைக்குச் சபை வேறு வேறு பதில் கிடைக்கிறது. எனவே எங்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த போதகர்களும் மூப்பர்களும் கூடிப் பேசி, ஒருமனதாக ஏற்றுக்கொண்டதை இங்கே வெளியிடுகிறோம்.

நிலைப்பாடு, சுருக்கமாக

ஒருவருடைய எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் எந்தத் தீர்க்கதரிசனமும் சோதித்துப் பார்க்க வேண்டியதே. அதை மட்டும் நம்பித் திருமணம், வேலை, சிகிச்சை, சொத்து, கடன் எதையும் முடிவு செய்யக் கூடாது. சொன்னது நடக்காவிட்டால் பொறுப்பு சொன்னவருடையது. கேட்டவருடைய விசுவாசக் குறைவின் மேல் அதைச் சுமத்துவது தவறு.

எங்களுக்குள் உள்ள வேறுபாடு

தீர்க்கதரிசன வரம் இன்றும் சபையில் செயல்படுகிறது என்று நம்பும் பெந்தெகொஸ்தே பின்னணியினர் எங்களில் உண்டு. அப்போஸ்தலர் காலத்தோடு அது நின்றுவிட்டது என்போரும் உண்டு. அந்த வாதத்தைத் தீர்ப்பது இந்த அறிக்கையின் வேலை அல்ல. வரம் உண்டு என்பவர்களும் சோதிக்கும் கடமையை மறுக்க முடியாது. தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார். கொரிந்து சபைக்கு அவர் வைத்த ஒழுங்கிலும், இரண்டு மூன்று பேர் பேச மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். தனி அறையிலோ தொலைபேசியிலோ ஒருவர் சொல்லி ஒருவர் கேட்கும் இடத்தில், நிதானிக்க வேண்டிய அந்த மற்றவர்கள் இல்லாமலே போகிறார்கள்.

அனனியாவும் எரேமியாவும்

எருசலேம் ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, கிபியோன் ஊரானாகிய அனனியா எழுந்து, இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், கொண்டுபோகப்பட்ட ஆலயப் பாத்திரங்கள் திரும்பி வரும் என்றான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எடுத்து எல்லார் முன்பாகவும் உடைத்தான். அவனும் கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் பேசினான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். எரேமியா முதலில் ஆமென் சொல்லி, அப்படியே ஆகட்டும் என்றார். ஆனால் சமாதானத்தை முன்னறிவிக்கிறவனை, அது நிறைவேறும்போதுதான் கர்த்தர் அனுப்பியவன் என்று அறியலாம் என்று சேர்த்துச் சொன்னார். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோனான்.

அடுத்த அதிகாரத்தில் பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் வருகிறது. நம் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் எரேமியா 29:11 அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம் சிறையிருப்பு 70 வருஷம் என்கிறது. அதற்கும் முன்னே, 8, 9ஆம் வசனங்களில், உங்கள் நடுவிலுள்ள தீர்க்கதரிசிகளிடம் மோசம்போகாதிருங்கள் என்ற எச்சரிப்பு இருக்கிறது. கடிதத்தின் தொடக்கமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்கிறது. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற இனிய வார்த்தையை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதபடி தேவன் தம் ஜனத்தைக் காத்தார். அட்டையில் 11ஆம் வசனத்தை அச்சிடும் சபைகள், பிரசங்கத்தில் முழுக் கடிதத்தையும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நிறைவேறினாலும், நிறைவேறாவிட்டாலும்

உபாகமம் 18, ஒருவன் கர்த்தர் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறது. இந்தப் பயம்தான் இன்று பலரைக் கட்டிவைத்திருக்கிறது. "அபிஷேகம் பண்ணப்பட்டவரைச் சந்தேகப்பட்டால் சாபம் வரும்" என்று சொல்லிக் கேள்வி கேட்பவர்களை வாயடைக்கிறார்கள். உபாகமம் 13 இன்னொரு எல்லை போடுகிறது: சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அது உன்னை வேறு வழிக்குத் திருப்புமானால் அவனுக்குச் செவிகொடாதே. ஆகவே "அவர் என் பெயரையும் செல்போன் எண்ணையும் சரியாகச் சொன்னார்" என்பது மட்டும் போதிய சாட்சி அல்ல. கூட்டத்தின் நுழைவாயிலில் எழுதிக் கொடுக்கும் ஜெபக்குறிப்புத் தாளில் பெயர், எண், பிள்ளையின் படிப்பு, வியாதி எல்லாமே இருக்கின்றன. முகநூலில் அதைவிட அதிகம் இருக்கிறது.

"தீர்க்கதரிசனம் நிபந்தனைக்கு உட்பட்டது, உன் பக்கம் குறை" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் விளக்கம். நிபந்தனையோடு வந்த வார்த்தைகள் வேதத்தில் உண்டு. நினிவே மனந்திரும்பியதால் அதன் அழிவு தள்ளிப்போனது. ஆனால் அங்கே மனந்திரும்பியதை ஊரே கண்டது. எச்சரிப்பு இரக்கமாக மாறிய அந்தச் சம்பவத்தை, சொன்ன ஆசீர்வாதம் வராததற்குச் சாக்காக்கக் கூடாது. நாத்தானைப் பாருங்கள்: ஆலயம் கட்டும் தாவீதின் எண்ணத்துக்கு உடனே சம்மதம் சொன்னார். அன்று இரவே கர்த்தர் திருத்தியபோது, மறுபடியும் ராஜாவிடம் போய் மாற்றிச் சொன்னார். மெய்யான தீர்க்கதரிசிக்கு அதில் வெட்கம் இல்லை.

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று பலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அது நடக்கவில்லை. ஜெரமையா ஜான்சன் என்ற ஊழியர் 2021 ஜனவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்காக விசுவாசிகளிடமிருந்தே அவருக்கு மிரட்டல்கள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டின் பெந்தெகொஸ்தே, காரிஸ்மாட்டிக் தலைவர்கள் பலர் ஓர் அறிக்கை வெளியிட்டு, பகிரங்கமாகச் சொன்னது தவறினால் பகிரங்கமாகவே பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். இந்த ஒழுங்கை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம்.

பவுலும் அகபுவும்

செசரியாவில் பிலிப்புவின் வீட்டுக்கு வந்த அகபு, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்கு உரியவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். கூட இருந்தவர்கள் போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுல் அந்த வார்த்தையைப் பொய் என்று தள்ளவில்லை, அதைக் கேட்டுப் பயணத்தை நிறுத்தவும் இல்லை. முடிவெடுத்தவர் அவர்தான். தீர்க்கதரிசனம் ஒருவரை ஆயத்தப்படுத்தலாம். அவருக்குப் பதிலாக முடிவெடுக்க அதற்கு அதிகாரம் இல்லை.

முன்பு இதே அகபு பஞ்சம் வரும் என்று அறிவித்தபோது, அந்தியோகியா சபையார் அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்தார்கள். அது யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் போனது. அகபுவின் கைக்குப் போனதாக ஒரு வரியும் இல்லை. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட 'டிடாக்கே' என்னும் சபை ஒழுங்கு நூலும், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று வெளிப்படையாகவே வகுத்திருக்கிறது.

வைத்தியம்

எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுள் கூட்டப்படும் என்ற வார்த்தையைக் கொண்டுவந்த ஏசாயாதான், அத்திப்பழத்து அடையை எடுத்துப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. "சுகமாகிவிட்டாய்" என்ற வார்த்தையைக் கேட்டு இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ டயாலிசிஸையோ நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அப்படி நிறுத்தச் சொல்லும் எவருக்கும் எங்கள் பிரசங்க மேடையில் நிற்க இடமில்லை.

எங்கள் சபைகளில் நடைமுறை

1. தனி ஆளுக்கான தீர்க்கதரிசனத்தைப் போதகரோ மூப்பரோ உடனிருக்கும்போது மட்டுமே சொல்லலாம். சொன்னவர் பெயர், தேதி, வார்த்தை மூன்றும் எழுதி வைக்கப்படும்.

2. திருமணத்துக்கு இன்னாரைத்தான் கட்ட வேண்டும் என்றோ, இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும் என்றோ யாரும் அறிவிக்கக் கூடாது. பிள்ளைப்பேறு, மரணம், வழக்கின் தீர்ப்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

3. தீர்க்கதரிசனத்துக்கு முன்னும் பின்னும் காணிக்கையோ விதைப்புப் பணமோ கேட்கக் கூடாது. ஜெபக்குறிப்புத் தாள்கள் பேசுபவர் கைக்குப் போகாது.

4. சொன்னது நடக்காவிட்டால், எந்தச் சபையார் முன் சொன்னாரோ அவர்கள் முன்னேயே அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுப்பவருக்கு எங்கள் சபைகளில் மறு அழைப்பு இல்லை.

5. வெளியூர் ஊழியர்களை அழைக்கும் சபைகள், இந்த ஒழுங்குகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பிச் சம்மதம் பெற வேண்டும்.

சபையாருக்கு

உங்களுக்கு ஒரு வார்த்தை வந்தால் அவசரப்படாதிருங்கள். வேதத்தோடு ஒத்துப்பார்த்து, உங்களை அறிந்த இரண்டு மூன்று விசுவாசிகளிடமும் வீட்டாரிடமும் பேசுங்கள். மருத்துவ விஷயத்தை மருத்துவரிடமும் சொத்து விஷயத்தை வழக்கறிஞரிடமும் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து வரன்களைத் தட்டிக்கழித்தவர்களும், வந்த வேலையை விட்டவர்களும் எங்களிடம் கூச்சத்தோடு பேசுகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. சொன்னவரும் சோதிக்காமல் பேசவிட்ட சபையுமே அதற்குப் பொறுப்பு. அப்படி நஷ்டப்பட்டவர்களைக் குற்றஞ்சாட்டாமல் கேட்டு, தேவையான ஆலோசனையையும் உதவியையும் ஏற்பாடு செய்வது ஒவ்வொரு சபையின் மூப்பர்களுடைய கடமை என்று தீர்மானித்திருக்கிறோம்.