சின்னக் கேசிங் வாங்குங்கள், ஆனால் கறளையும் கடைத்தெருவையும் யோசித்து வாங்குங்கள்

 

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கிற பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சேர், பெடியனுக்குப் பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினி பொருத்தப் போறம். சின்னக் கேசிங் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறான். வாங்கலாமோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு சம்பந்தப்பட்டது, பொறுமையாக வாசியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் கேசிங் நல்லது. ஆனால் சந்தையில் இருப்பதிலேயே சின்னதைத் தேடாதீர்கள். யாழ்ப்பாண ரவுணில் ஒரு சாதாரண கடையில் கிடைக்கிற மதர்போட்டும் பவர் சப்ளையும் அதற்குள் போகவேண்டும். அந்த எல்லைக்குக் கீழே போனால் கணினி அழகாக இருக்கும், பழுதானால் மாதக்கணக்கில் மேசையில் சும்மா கிடக்கும்.

சின்னது ஏன் நல்லது? எங்கள் பகுதியில் மீள்குடியேறிய பிறகு கட்டின வீடுகள் பலவும் இரண்டு அறை வீடுகள். படிக்கிற மேசையில்தான் கணினியும் இருக்கவேண்டும். பெரிய கேசிங்கை நிலத்தில் வைத்தால் கூட்டுகிற தூசி முழுவதையும் அது உறிஞ்சும், மழைக்கு வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் அதுதான். மேசையில் ஏறக்கூடிய அளவு என்றால் பாதிப் பிரச்சினை குறைவு. உயர்தரப் பிள்ளைக்குத் தேவை பைதன் எழுதவும், தரவுத்தளம் பழகவும், இணையப் பக்கம் செய்யவும் ஒரு கணினி. அதற்குத் தனிக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போல, படம் காட்டும் வசதி உள்ளேயே உள்ள 65 வாட்ஸ் புரொசெசர் தாராளமாகப் போதும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினிக்குப் பெரிய பெட்டி எதற்கு?

இனி அளவு. கேசிங்கின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் எத்தனை லீற்றர் என்று வரும். 22 அகலம், 48 உயரம், 45 நீளம் உள்ள வழக்கமான பெரிய கேசிங் 47 லீற்றருக்கு மேல். 20, 38, 36 என்றால் ஏறத்தாழ 27 லீற்றர். 20 லீற்றருக்குக் கீழே உள்ளதைத்தான் பொதுவாக மிகச் சிறிய வகை என்கிறார்கள். பிள்ளைகள் யூடியூப்பில் பார்க்கிற டான் ஏ4 எஸ்.எஃப்.எக்ஸ். 7.2 லீற்றர். கூலர் மாஸ்டர் என்ஆர்200 18.25 லீற்றர். விளம்பரத்தில் "கொம்பாக்ட்" என்று போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

உள்ளே போகிற மதர்போட்டுக்கும் அளவு உண்டு. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். 305க்கு 244 மில்லிமீற்றர். 1997இல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170, கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலம்தான். மினி ஐ.டி.எக்ஸ். போட்டில் கார்ட் சொருக ஒரே ஒரு இடம்தான், ராம் சொருக வழக்கமாக இரண்டு இடம்தான். வசதி குறைவு, விலை மட்டும் அதே தரத்து மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போட்டைவிடக் கூட.

பவர் சப்ளையிலும் இதே கதை. வழக்கமான ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளை 150 மில்லிமீற்றர் அகலம், 86 உயரம். சின்னக் கேசிங்குகள் பல கேட்கிற எஸ்.எஃப்.எக்ஸ். பவர் சப்ளை 125 அகலம், 63.5 உயரம். முதலாவதை எந்தக் கணினிக் கடையிலும் எடுக்கலாம். இரண்டாவதைக் கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் தேடவேண்டும், அல்லது சொல்லிவைத்து எடுப்பிக்கவேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கணினியில் கரண்டின் அடியை முதலில் வாங்குவது பவர் சப்ளைதான். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவானது. அப்படி ஒரு காலத்தில் எஸ்.எஃப்.எக்ஸ். பவர் சப்ளை ஒன்று எரிந்துபோய், பிள்ளைக்கு மூன்று மாதத்தில் சோதனை என்றால் அந்த வீடு என்ன செய்யும்? இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இரண்டாவது தடவை வாங்குவது யாருக்கும் இலேசில்லை.

பாவித்த பிராண்ட் கணினிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்பி எலைட் டெஸ்க் போன்ற ஒடுக்கமான பெட்டிகள் மலிவாக வருகின்றன, உறுதியானவையும்கூட. கையில் காசு குறைவென்றால் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் பல மாடல்களில் பவர் சப்ளையும் போட்டும் அந்தக் கம்பனி தனக்கென்று செய்த வடிவம். பொதுவான பாகம் பொருந்தாது. அதே மாடலின் பழைய பாகம் இன்னொன்று கிடைத்தால்தான் உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதின்ர பவர் சப்ளை போனால் மாற்ற வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேளுங்கள். பதில் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

அடுத்தது எங்கள் கடல். கேணிப் பக்கத்து வீடுகளின் கேற்றுப் பிணைச்சல்களைப் பாருங்கள், நான் சொல்ல வருவது விளங்கும். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் உப்பைக் கொண்டுவருகிறது. சோளகம் செம்பாட்டு மண் தூசியைக் கொண்டுவருகிறது. கறியுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிவது அதனால்தான். அதே கசிவு மதர்போட்டில் படிந்த உப்புத் தூசியிலும் நடக்கும். உப்புநீர் மின்னைக் கடத்தும், செப்பைப் பச்சையாக்கும், இரும்பைக் கறளாக்கும்.

மிகச் சின்னக் கேசிங்குகள் பலவற்றில் பக்கத் தகடு முழுவதும் துளை. இடம் போதாததால் வெப்பம் வெளியேற அப்படிச் செய்கிறார்கள். குளிரூட்டிய அறைக்கு அது சரி. யன்னல் திறந்து வைக்கிற கடலோர வீட்டில், பில்டர் இல்லாத துளை என்றால் உப்பும் தூசியும் நேரே போட்டில்தான் படியும். அதனால் நான் பார்க்கச் சொல்வது இதுதான்: காற்று உள்ளே போகிற இடம் முன்பக்கமாக இருக்கட்டும், அங்கே கழற்றிக் கழுவக்கூடிய பில்டர் இருக்கட்டும், 120 மில்லிமீற்றர் ஃபேன் இரண்டு உள்ளே ஊதவும் ஒன்று வெளியே ஊதவும் இடம் இருக்கட்டும். வெளியே போவதைவிட உள்ளே வருவது கூடவாக இருந்தால் வெடிப்புகளால் தூசி உள்ளே இழுபடாது. கேசிங்கின் உட்பக்கத்திலும் பெயின்ற் பூசியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். வெட்டின விளிம்புகளில்தான் கறள் முதலில் தொடங்கும்.

பெட்டி சின்னதாகச் சின்னதாக வெப்பமும் சிக்கலாகும். சாதாரண கூலர்கூடப் போகாத பெட்டிகள் இருக்கின்றன. ஏஎம்டி புரொசெசர்கள் பலவற்றோடு பெட்டியில் வருகிற ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மில்லிமீற்றர் உயரம். மேலே சொன்ன டான் ஏ4இல் கூலருக்கு உள்ள இடம் 48 மில்லிமீற்றர். சும்மா கிடைத்த கூலரை வைத்துவிட்டு, வேறொரு தட்டைக் கூலருக்குத் தனியாகக் காசு கொடுக்கவேண்டும். சித்திரை வெயிலில், தகரக் கூரை வீட்டில், அந்தத் தட்டைக் கூலர் எவ்வளவு இரைச்சல் போடும் என்று யோசியுங்கள்.

கண்ணாடி வைத்த கேசிங் பார்க்க வடிவு, மறுக்கவில்லை. ஆனால் அதன் பாரமும், உடையும் ஆபத்தும், காற்று நுழைய விடாத முன்பக்கமும் படிக்கிற பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாது. வடிவுக்காக இடத்தை நெருக்குவதில் பாதுகாப்புப் பிரச்சினையும் உண்டு. என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்1 என்ற ஒடுக்கமான கேசிங்கில், கிராபிக்ஸ் கார்டை இணைக்கிற பலகையின் திருகாணியால் மின் குறுக்கிணைப்பு ஏற்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்று தெரியவந்தது. முதலில் நைலோன் திருகாணி கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவில் அந்தக் கேசிங்கையே திரும்பப் பெறவேண்டி வந்தது. பெரிய கம்பனிக்கே இப்படி என்றால், பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை நெருக்கிப் பொருத்துகிறபோது நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

இதோடு சேர்த்து எர்த் பற்றியும் சொல்லவேண்டும். "கேசிங்கைத் தொட்டால் சுருக்கெண்டு இழுக்குது" என்று பலர் சொல்கிறார்கள். கேசிங் பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்கும் போகிறார்கள். பெரும்பாலும் பழுது வீட்டு வயரிங்கில். பவர் சப்ளைக்குள் இருக்கிற சிறு மின்தேக்கிகள் மிகச் சிறிய ஒரு கசிவை எர்த் கம்பிக்குள் விடும், அதன் அமைப்பே அப்படி. எர்த் இல்லாத இரண்டு முனை அடாப்டரில் குத்தினால் அந்தக் கசிவுக்குப் போக வழியில்லை. 230 வோல்ட்டின் பாதியளவு கேசிங்கில் நிற்கும், தொடுகிற ஆளின் உடம்பு அதற்கு வழியாகும். மேசையில், பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் வைக்கிற உலோகப் பெட்டி இது. ஆகவே கேசிங்குக்குக் காசு ஒதுக்கும்போது, மூன்று முனை சொக்கெட்டும் சரியான எர்த்தும் போடவும் ஒதுக்குங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும்போது பிள்ளைக்கென்று கேசிங்கைச் சூட்கேசில் கொண்டுவராதீர்கள். பெட்டியின் பாதி இடத்தைப் பிடிக்கும், நெளியும். அதே பாரத்துக்குப் புரொசெசர், ராம், எஸ்எஸ்டி கொண்டுவந்தால் ஒரு கைப்பைக்குள் அடங்கும், குடும்பத்துக்கு உண்மையான உதவி. கேசிங்கை இங்கேயே வாங்கலாம். பவர் சப்ளை கொண்டுவருவதென்றால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். சில பழைய வகைகளில் பின்பக்கத்தில் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். கனடாவில் 115இல் நின்றதை இங்கே அப்படியே குத்தினால் ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும்.

"இவ்வளவு கரைச்சல் எதற்கு, லப்டொப் வாங்கலாமே" என்றும் கேட்பீர்கள். பிள்ளை விடுதியில் நின்று படிப்பதென்றால் லப்டொப்தான் சரி. வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றக்கூடிய கணினிதான் நீண்ட காலத்துக்கு இலாபம். ஒரு ஆசிரியராக எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ராம், பவர் சப்ளை, மதர்போட் என்று புத்தகத்தில் படம் பார்த்துப் பாடமாக்குகிற பிள்ளை, தன் வீட்டுக் கேசிங்கை ஒரு ஸ்குரூ ட்ரைவரால் திறந்து, பெயின்ற் தூரிகையால் தூசி தட்டி, ராமைக் கழற்றித் திரும்பச் சொருகினால் அந்தப் பாடம் மறக்காது. கை போகாத அளவு நெருக்கமான பெட்டியில் அந்தப் பயிற்சி நடக்காது. பயத்தில் யாரும் திறக்கமாட்டார்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது இவற்றைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. 25 முதல் 30 லீற்றர் அளவு.
2. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போட்டும் வழக்கமான ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளையும் போகவேண்டும்.
3. முன்பக்கத்தில் கழுவக்கூடிய பில்டர்.
4. உட்பக்கமும் பெயின்ற் பூசிய தகடு.
5. கூலர் உயரத்துக்குத் தாராளமான இடம்.

வாங்கிய பிறகு கடல் பார்த்த யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். ஓடும்போது துணியால் மூடாதீர்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் நாளுக்குக் கொஞ்ச நேரமாவது போடுங்கள். உள்ளே இளஞ்சூடு இருந்தால் ஈரம் தங்காது.

வீண்விரயம் எங்கள் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். பெட்டியில் மிச்சம் பிடிக்கிற காசை ராமுக்கும் யூபிஎஸ்சுக்கும் போடுங்கள். யாராவது கேசிங் பார்த்து வைத்திருந்தால் அதன் அளவுகளைக் கீழே எழுதுங்கள், வாங்க முதல் சேர்ந்து பார்ப்போம்.