முகலட்சணமும் உத்தியோகமும்

விற்பனை நிலையத்திற்கு ஒரு பெண் சிப்பந்தியை நியமிக்கும் விஷயம் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, படிப்பு, வயது, கணக்கறிவு முதலியவற்றைப் பற்றிய பேச்சு முடிந்த பிறகு, யாரேனும் ஓர் அங்கத்தினர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆளும் பார்ப்பதற்குக் கொஞ்சம் லட்சணமாக இருக்கவேண்டுமே" என்று சொல்வது வழக்கம். மற்றவர் சிரிப்பர். தீர்மானப் புத்தகத்தில் அச்சொல் ஏறுவதில்லை. ஆயினும் தீர்மானம் பெரும்பாலும் அச்சொல்லின்படியே நிறைவேறுகிறது. ஆண் சிப்பந்தியை நியமிக்கும்போது இப்பேச்சு எழுந்ததாக நான் கேட்டதில்லை. அவனுக்கு ஜாமீன் உண்டா, சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது.

நூல் விலை, சரக்குத் தேக்கம், வராத மானியம், கட்டாத கடன் என்று எத்தனையோ கவலைகள் இருக்க, ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றியா நம் பத்திரிகையில் எழுதவேண்டும் என்று கேட்பாரும் உளர். அவர்கட்கு ஒன்று சொல்வேன். இது முகத்தைப் பற்றிய விஷயம் அன்று. கூலியைப் பற்றிய விஷயம். கூலி எங்கே தவறாகப் பங்கிடப்படுகிறதோ அங்கே பேசுவதற்கென்றே நம் சங்கங்கள் தோன்றின.

தூய்மையையும் ஒழுங்கையும் நான் குறைகூற வரவில்லை. துவைத்த உடை, வாரிய தலை, வாடிக்கையாளரிடம் இன்சொல் ஆகிய இவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வேண்டியவை; முயன்றால் எவர்க்கும் வரக்கூடியவை. மேனியின் நிறமும், பல்வரிசையும், உயரமும், அம்மைத் தழும்பும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "தோற்றப் பொலிவு" என்று பெயரிட்டு, நேர்முகத் தேர்வின் மதிப்பெண் தாளில் ஒரு பத்தியை ஒதுக்கிவிடுகிறோம். அப்பத்தியில் என்ன எழுதினாலும் அதைச் சரிபார்க்க எந்தத் தணிக்கையாளராலும் இயலாது.

ஒரு சங்கத்தின் பணிப் பதிவேடுகளைப் பார்வையிட நேர்ந்தது. பெயரும் ஊரும் வேண்டா. ஒரே நாளில், ஒரே கல்வித் தகுதியோடு, ஒரே ஊதிய விகிதத்தில் இரு பெண்கள் சேர்ந்திருந்தனர். ஒருவரை விற்பனை மேடைக்கும் மற்றவரை நூற்கிடங்குக்கும் அனுப்பியிருந்தனர். காரணம் ஏதும் எழுதப்படவில்லை. கிடங்கிலிருந்த அம்மையாரின் கன்னத்தில் சிறுவயதில் நேர்ந்த தீக்காயத்தின் வடு உண்டு. காரணம் அதுவே என்று நான் கேளாமலே நால்வர் சொன்னார்கள். பண்டிகைக் காலத்து விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகை மேடையில் நிற்பவருக்கு உண்டு, கிடங்குக்கு இல்லை. முதலாண்டில் அது சில நூறு ரூபாய் வித்தியாசம். பதினோராம் ஆண்டில் நிலைய மேலாளர் பதவி காலியாயிற்று. விற்பனை அனுபவம் உடையவரே விண்ணப்பிக்கலாம் என்பது விதி. கிடங்கு அம்மையாரோ, அத்தனை ஆண்டுகளும் ஒரு கட்டு நூலும் குறையாமல் இருப்பைக் காத்தவர். 40ஆம் எண் நூலையும் 60ஆம் எண் நூலையும் இருட்டில் தொட்டுப் பிரித்துச் சொல்லக்கூடியவர். அவருடைய விண்ணப்பம் முதற்பார்வையிலேயே தள்ளப்பட்டது. விதிப்படி அது சரி. எங்கும் விதி மீறப்படவில்லை. ஆகையால் குறிப்பெழுத எனக்கும் இடமில்லை. என்றோ ஒரு நாள் காலையில் யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை, பதினோராண்டுகளில் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே வேறாக்கிவிட்டது. ஏட்டில் அதற்குச் சுவடே இல்லை.

துணியைக் கொள்முதல் செய்யும்போது நாம் இவ்வாறா நடந்துகொள்கிறோம்? பளபளப்பைக் கண்டு பணம் கொடுத்துவிடுவதில்லை. கஞ்சியை மிகுதியாக ஏற்றினால் நெருக்கம் குறைந்த துணியும் கெட்டியாகத் தோன்றும் என்பது நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆதலால் நீள அகலம் அளக்கிறோம்; எடை போடுகிறோம்; கண்ணாடி வைத்து அங்குலத்திற்கு எத்தனை இழை என்று எண்ணுகிறோம்; சாயம் நிற்கிறதா என்று நனைத்துப் பார்க்கிறோம். மஞ்சள் பயிரிடும் அங்கத்தினரும் மெருகேற்றிய கிழங்கின் நிறத்தைக் கண்டு மயங்கமாட்டார். சரக்குக்கு இத்தனை அளவுகோல் வைத்திருக்கும் நாம், சரக்கை விற்கும் பெண்ணுக்கு மட்டும் கண்ணையே அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

இவ்வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. டானியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க, கனடியக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தோற்றத்தில் சராசரிக்குக் கீழ் என்று மதிப்பிடப்பட்டவர்கள், சராசரித் தோற்றமுடையவர்களைவிட 5 முதல் 10 சதவிகிதம் வரை குறைவான ஊதியம் பெறுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஆண்களிடத்தும் இக்குறைவு பெண்களுக்குச் சற்றும் குறையாமல் காணப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஊதியப் பட்டியலில் தெரிவது ஒரு பாகமே. ஆணின் தோற்றத்தைப் பற்றி எவரும் அவன் எதிரில் நின்று பேசுவதில்லை; வயது ஏறுவதைக் குற்றமாகக் கணக்கிடுவதுமில்லை.

கணக்காய்வுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஒரு வழக்கு என் கருத்தை மிகவும் ஈர்த்தது. அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்காய்வு நிறுவனத்தில் ஆன் ஹாப்கின்ஸ் என்ற அம்மையார் 1982இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்டார். அவ்வாண்டு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். பெருந்தொகை மதிப்புள்ள அரசாங்க ஒப்பந்தம் ஒன்றை நிறுவனத்துக்குக் கொண்டுவருவதில் முன்னின்றவர். அவருக்குப் பதவி அளிக்காமல் ஒத்திவைத்ததோடு, நடையிலும் பேச்சிலும் உடையிலும் இன்னும் பெண்ணாக இருக்கவேண்டும், முகப்பூச்சு இடவேண்டும், தலையை அலங்கரிக்கவேண்டும், நகை அணியவேண்டும் என்று புத்திமதியும் கூறினார்கள்! வரவு செலவுக் கணக்கைச் சரிபார்க்க நகை எதற்கு? 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற முன்முடிவோடு பதவியை மறுப்பதும் பாரபட்சமே என்ற நெறியை நிலைநாட்டியது. பின்னர் அவர் நீதிமன்ற ஆணையால் பங்குதாரர் ஆனார்.

நம் தேசத்தில் அரசாங்கமே நடத்திய விமானப் போக்குவரத்தில் நடந்ததை நினைவூட்டுகிறேன். ஏர் இந்தியாவின் விதிப்படி விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெறவேண்டும். சேர்ந்த நான்காண்டுக்குள் மணம் புரிந்தாலும், முதல் முறை கருவுற்றாலும் வேலை போய்விடும். அதே விமானத்தில் பணியாற்றிய ஆடவர் 58 வயது வரை இருக்கலாம். நர்கீஸ் மீர்சா என்பார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் கருவுற்றால் நீக்கும் விதியைச் செல்லாது என்றது. மண விதியை விட்டுவைத்தது. இத்தனைக்குப் பிறகும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எடை மிகுந்துவிட்டதென்று பணிப்பெண்கள் பதின்மரை அதே நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. விமானத்தில் தீப்பிடித்தால் பயணிகளை வெளியேற்றக் கற்றவர்கள் அவர்கள் என்பது எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது போலும்.

நிறத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. கேரள மாநிலத்தின் தலைமைச் செயலாளராக 2024 செப்டம்பரில் பொறுப்பேற்றவர் சாரதா முரளீதரன். அவருக்கு முன் அப்பதவியிலிருந்தவர் அவருடைய கணவரே. கணவரின் பதவிக்காலம் எவ்வளவு வெள்ளையோ, மனைவியின் பதவிக்காலம் அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் அவரிடமே சொல்லியிருக்கிறார். இதை அம்மையார் 2025 மார்ச் மாதத்தில் வெளிப்படையாக எழுதினார். தன்னை மீண்டும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றெடுக்க முடியுமா என்று நான்கு வயதில் தாயைக் கேட்டதையும் எழுதினார். குடும்பஸ்ரீ இயக்கத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, ஒரு மாநிலத்தின் தலைமை நிர்வாகியாகவும் உயர்ந்த ஒருவருக்கே இக்கதி என்றால், மாதச் சம்பளத்துக்கு மேடையில் நிற்கும் நம் ஊர்ப் பெண் என்னென்ன கேட்டிருப்பாள்? சிவப்பாக்கும் களிம்பு ஒன்று 1975இல் விற்பனைக்கு வந்து, 2020இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை உதிர்த்தது. களிம்பு பூசி நிறம் மாறியதும் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிடுவதாக அதன் விளம்பரங்கள் காட்டிவந்தன. விளம்பரக்காரர் சும்மா அப்படிக் காட்டவில்லை. வேலை கொடுப்பவர்களின் மனத்தை நன்றாகப் படித்துத்தான் காட்டினார்கள்.

அழகுடைய பெண்ணுக்கு எல்லாம் சுகம் என்று எண்ணுவதும் பிழை. அவள் விற்பனை கூடினால் அது அவள் திறமையால் அன்று, முகத்தால் என்பார்கள். பதவி உயர்வு வந்தால் அதற்கு வேறொரு காரணம் கற்பிப்பார்கள். அதைக் கற்பிப்பவர் பெரும்பாலும் அவளோடு போட்டியிட்டுத் தோற்றவர். வேலையொன்றும் இல்லாத பிரமுகர் சிலர் அவள் மேடைக்கெதிரில் நாற்காலி போட்டு மணிக்கணக்காக அமர்ந்திருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கவேண்டும். அதினும் சிறிய இடங்களில் உள்ளோர் மாவட்டத்திலுள்ள குழுவிடம் செல்லலாம். குழு உறுப்பினரின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அப்பெயருடையோருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியுமா என்றும் கேட்கவேண்டும்.

நிற்க. நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜவுளிக்கடைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதன் காரணம் வேலையின் தேவை அன்று. உட்கார்ந்தால் கடைக்கு அழகில்லை என்பதே காரணம். பொம்மைக்கும் பெண்ணுக்கும் ஒரே நியாயம். கோழிக்கோடு முதலிய ஊர்களின் கடைப் பெண்கள் போராடியதன் பயனாய்க் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழகம் 2021இல், 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கிற்று. அச்சட்டம் சங்கத்தின் விற்பனை நிலையத்துக்குப் பொருந்துமா என்று கோப்பு நடத்திக்கொண்டிருப்பதைவிட, இரண்டு முக்காலிகளை வாங்கிப் போடுவது மலிவு.

"வாடிக்கையாளர் அதைத்தானே விரும்புகிறார், நாம் என்ன செய்வது?" என்பது கடைசியாகச் சொல்லப்படும் வாதம். வாடிக்கையாளரை யாராவது கேட்டதுண்டா? புடைவை எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் முந்தானையை விரித்துப் பார்ப்பார்கள், கரையைத் தடவுவார்கள், சாயம் போகுமா என்று கேட்பார்கள். விடைசொல்லத் தெரிந்தவளிடம் மறுமுறையும் வருவார்கள். கிடங்கு அம்மையாரை மேடையில் நிறுத்தியிருந்தால் அவ்விடையைச் சொல்லியிருப்பார். இன்னொன்று: 2019-20இல் எடுத்த நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளரில் 70 சதவிகிதத்துக்கு மேல் பெண்கள். நெய்யும் கையின் நிறத்தை எவரும் கேட்பதில்லை. அதே பெண் அத்துணியை விற்க வந்தால்தான் கேள்வி பிறக்கிறது.

மனத்தை மாற்றுவது நெடுங்காரியம். ஏட்டை மாற்றுவது ஒரு கூட்டத்தில் முடியும். மதிப்பெண் தாளிலிருந்து "தோற்றப் பொலிவு" என்ற பத்தியை அடித்துவிட்டு, அவ்விடத்தில் துணியை அடையாளங் காட்டவும் ரசீது எழுதவும் செய்முறைத் தேர்வு வைக்கலாம். ஒருவரைக் கிடங்குக்கோ மேடைக்கோ அனுப்பும்போது காரணத்தை ஒரு வரியில் பதிவு செய்யலாம். எழுதக் கூசும் காரணம் அத்துடன் நின்றுவிடும். ஆண்டுக்கொரு முறை இரு பக்கத்தாரையும் மாற்றி அமர்த்தினால் ஊக்கத்தொகையும் அனுபவமும் பங்காகும். பயிர்க்கடன் சங்கங்களில் நகைக்கடன் மேடைக்கும், நியாயவிலைக் கடைக்கும், பால் சங்கத்தில் பால் பரிசோதிக்கும் இடத்துக்கும் இதுவே முறை. முகத்தில் வெண்புள்ளி உள்ளவரை உணவுப் பண்டம் விற்கும் இடத்தில் வைக்கலாமா என்று ஒரு தலைவர் என்னைக் கேட்டார். அது தொற்றுநோயன்று, தாராளமாக வைக்கலாம்.

இதை அடுத்த பொதுப் பேரவையில் கொண்டுவர விரும்பும் அங்கத்தினர்கள், முன்கூட்டியே எழுத்து மூலம் தலைவரிடம் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் தனிப் பொருளாகச் சேர்க்கச் செய்யவேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவைத்தால் "இதர விஷயங்கள்" என்ற கடைசித் தலைப்புக்குப் போய்ச் சேரும். அதற்குள் காப்பி வந்துவிடும்.