சாவித்திரி எண்டால் கண்ணீர் மட்டுமா?

சாவித்திரி எண்டதும் நாங்கள் உடனே குடியைக் கதைக்கிறம், ஜெமினி கணேசனைக் கதைக்கிறம். 19 மாதம் நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் இறந்ததைச் சொல்லி உச்சுக்கொட்டுறம். 2018இல் வந்த 'நடிகையர் திலகம்' பார்த்தும் அழுதம்.

சரி, அவர் இயக்கிய படம் ஒண்டின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்!

1968இல் தெலுங்கில் 'சின்னாரி பாபலு' இயக்கி, முக்கியமான தொழில்நுட்பப் பொறுப்புகளைப் பெண்களிடம் கொடுத்தவர். 1971இல் தமிழில் 'பிராப்தம்' தயாரித்து, இயக்கி, நட்டப்பட்டார். படமெடுத்து நொடிச்ச ஆணைச் 'சினிமாவுக்காகவே வாழ்ந்த கலைஞன்' எண்டு கொண்டாடுறம். அதே நட்டம் பெண்ணுக்கு வந்தால் மட்டும் 'புத்தியில்லாமல் அழிஞ்சா' எண்டு ஏன் சொல்லுறம்?

அனுதாபம் போதும். இனி அவரை இயக்குநராகவும் எண்ணுவம்.