உங்கள் பள்ளியில் நேற்று எவ்வளவு மழை?

மாணவர்களே, ஆயர் ஈத்தாமில் மழை கொட்டும். அதே நேரத்தில் குர்னி கடற்கரையில் வெயில் அடிக்கும். பினாங்கில் வாழும் நமக்கு இது புதிதல்ல. ஆனால், நேற்று உங்கள் பள்ளியில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று கேட்டால் சொல்ல முடியுமா?

தீவின் நடுவே மலைகள் உள்ளன. கொடிமலையின் உயரம் மட்டும் 833 மீட்டர். ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, மேகமாகி, மழையாகப் பொழிகிறது. அதனால் சில கிலோமீட்டர் தூரத்திலேயே மழையின் அளவு மாறிவிடும். பாயான் லெப்பாஸ் வானிலை நிலையம் அங்கே பெய்த மழையைத்தான் அளக்கும். கைப்பேசிச் செயலி காட்டுவதோ பெரும்பாலும் கணினிக் கணிப்பு.

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பெய்த பேய்மழையை மறக்க முடியாது. வெள்ளத்திலும் புயல்காற்றிலும் 7 பேர் உயிரிழந்தனர். எவ்வளவு மழைக்கு எந்தத் தெரு மூழ்கும் என்று அறிய, எங்கே எவ்வளவு பெய்தது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவில் பள்ளிகளுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

செலவு அதிகமில்லை. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரமும் அளவுகோலும் போதும். திறந்த திடலில் வையுங்கள். கட்டடம், மரம் ஆகியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளியிருக்கட்டும். தினமும் காலை 8 மணிக்கு அளந்து எழுதுங்கள். மழை இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். அளக்கத் தவறினால் இடத்தைக் காலியாக விடுங்கள்; 0 போட்டால் அது பொய்த் தகவல். அளந்ததும் நீரைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடியேறிவிடும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர். 50 மில்லிமீட்டர் பெய்தால், ஒரு பூப்பந்து ஆட்டக்களத்தின் மீது மட்டும் 4,000 லிட்டருக்கு மேல் விழுகிறது!

ஒரு பள்ளியின் எண் வெறும் எண்தான். ஜார்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம், பாலேக் பூலாவ் பள்ளிகளின் எண்களை ஒரே வரைபடத்தில் குறித்து, சம அளவு மழை பெய்த இடங்களைக் கோட்டால் இணைத்தால், மழை பெய்த விதம் கண்முன் தெரியும். 'குளோப்' திட்டத்தின்வழி 1995 முதல் பல நாட்டு மாணவர்கள் இப்படி வானிலையை அளந்து, தகவலைப் பகிர்ந்து வருகிறார்கள்.

ஆய்வுக்கூடச் சோதனைகளின் விடை பாடநூலிலேயே இருக்கிறது. உங்கள் திடலில் நேற்று பெய்த மழையின் அளவு எந்த நூலிலும் இல்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அறிவியல் கழக ஆசிரியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.