பாய்ந்தவருக்குப் பட்ட கடன்

மருதனார்மடச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவந்த கமக்காரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் நன்றாக ஓடுகிறானாம். பாடசாலையிற் பரிசும் பெற்றானாம். "ஐயா, ஓடி என்ன காணப்போகிறான்? கால் ஓடும்வரைதான் கைதட்டு. அதன்பின் ஆர் சோறு போடுவினம்?" என்றார்.

கேள்வி நியாயமானது. விளையாட்டு வீரனின் தொழில்வாழ்வு, ஒரு குலையோடு முடியும் வாழை போன்றது. அமெரிக்கர் தமக்கென ஆடும் உதைபந்தாட்டத்திலே, பந்தை ஏந்தி எதிரணியைப் பிளந்தோடும் வீரர்களிற் பெரும்பாலோர் சில ஆண்டுகளிலேயே உடல் நொந்து ஒதுங்குகின்றனர். ஆனால் அவ்வாட்ட வீரர்கள் 1956ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்தனர். வாதாடி ஓய்வூதியமும் பெற்றனர். நம் நாட்டிலே பாய்ந்தவருக்குக் கிடைத்தது என்ன?

யாழ். மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல், 17 வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்போணிலும் பாய்ந்தார். 1958இல் ரோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கையின் முதலாவது தங்கப்பதக்கத்தை வென்றார்.

அவ்விழா மே 24 தொடக்கம் யூன் 1 வரை நடைபெற்றது. அதே நாட்களில் இங்கு நடந்ததென்ன? தமிழர் தாக்கப்பட்டனர்; வீடுகள் எரிந்தன; மே 27இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. அந்நிய மண்ணில் இலங்கைக் கொடியை ஒரு தமிழ் இளைஞர் ஏற்றுவித்தார். அக்கொடியின் கீழ் வாழ்ந்த அவர் இனத்தவர் அகதிகளாய்க் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தனர். பதக்கத்தை ஏற்ற நாடு, அதனைத் தந்தவரின் மக்களைக் காப்பதும் தன் கடனென்பதை மறந்தது. வரவை எழுதிக் கடனை மறைக்கும் கணக்கு, கள்ளக் கணக்கு அன்றோ?

எதிர்வீரசிங்கமோ காலை மட்டும் நம்பியிருந்தவரல்லர். லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1962இல் யகார்த்தாவில் வெள்ளிப்பதக்கமும் வென்றார். பாய்ச்சல் ஓய்ந்தபின் கல்விப் பணியில் நெடுங்காலம் வாழ்ந்து, 2024இல் தமது 89ஆவது வயதில் மறைந்தார். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பார்க்கு இவ்வாழ்க்கையே விடை.

ஆயினும் ஒருவர் தம் திறமையாற் கரையேறினார் என்பதால், ஆற்றுக்குப் பாலம் வேண்டாம் என்பது வழக்காகாது. நம் அயலூரான ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் விளங்கினார். இத்தகையோர் தற்செயலாகத் தோன்றுதல் போதாது.

நாம் கேட்பன மூன்று. அரசு, பதக்கத்துக்குக் காட்டும் ஆர்வத்தை மைதானத்துக்கும் பயிற்சியாளருக்கும் காட்டுக; காயமுற்ற வீரனுக்குக் காப்புறுதியும், ஓய்ந்த வீரனுக்கு உத்தியோகமும் சலுகையாக அன்றி உரிமையாக வழங்குக. உத்தியோகத்தரும் வைத்தியரும் வழக்கறிஞரும், தத்தம் ஊர்க் கழகத்துக்குத் தம் தொழிலறிவை ஊதியமின்றி உதவுக. கமக்காரர், மாலையில் ஒரு மணிநேரமாவது பிள்ளையைத் தோட்ட வேலையிலிருந்து விடுவிக்குக. மகனைப் போலவே மகளையும்.

பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று பலர் கேட்ட காலத்திலே, 1913இல், இதே மருதனார்மடத்திற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்குக் கல்லூரி நிறுவினார். இன்று அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. ஓட்டத்தைப் பற்றிய கேள்வியும் ஒருநாள் ஓயும்; நாம் கடனைத் தீர்த்தால்.

அக்கமக்காரருக்கு நாம் சொன்ன மறுமொழி இதுவே: "மகனை ஓடவிடுங்கள், புத்தகத்தையும் கையிற் கொடுங்கள். அவனுக்குரிய பங்கைக் கேட்டு வாதாடுவது எங்கள் வேலை."